எல்.இ.டி. இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கிறதா? ரெசிஸ்டர் மாட்ட விடாதீர்கள்

பைக்கில் பல்பு இண்டிகேட்டரைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னை ஜி.பி. ரோடு பக்கம் ஒரு கடையில் என்னிடம் 1,900 ரூபாய் கறந்துவிட்டார்கள். அவர்கள் செய்த வேலையைப் பிறகு சரிசெய்ய ஆன மொத்தச் செலவு 350 ரூபாய். அந்தத் தெருவில் நியாயமான கடைகளும் உண்டு, நான் போனது அப்படிப்பட்ட கடை இல்லை.

முன்பக்க இடது இண்டிகேட்டர் தண்டோடு உடைந்திருந்தது. அது ஒன்று வாங்கத்தான் போனேன். "ஒண்ணு மட்டும் மாத்தினா நல்லா இருக்காது சார், நாலும் எல்.இ.டி. போட்டுடலாம். அப்படியே மாட்டிக்கலாம், வேற எதையும் தொட வேண்டாம்" என்றார் கடைக்காரர். 1,300 ரூபாய். மாட்டி முடித்து இடது பக்கம் சுவிட்சைத் தள்ளினால் நாலும் சேர்ந்து படபடவென்று அடிக்கிறது. "எல்.இ.டி.ன்னா கொஞ்சம் ஃபாஸ்ட்டாத்தான் சார் இருக்கும்." பின்னால் வருகிறவனுக்கு நான் எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று எப்படித் தெரியும் என்று கேட்ட பிறகுதான் ரெசிஸ்டர் என்ற பேச்சே வந்தது. அதற்குத் தனியாக 600.

விஷயம் ரொம்ப எளிது. இண்டிகேட்டரை விட்டுவிட்டு மின்ன வைக்கும் குட்டிப் பெட்டிதான் ஃபிளாஷர். பழைய ஃபிளாஷர், இண்டிகேட்டருக்குப் போகும் கரண்டைப் பொறுத்து வேலை செய்கிறது. பல்பு ஒவ்வொன்றும் 10 வாட், ஒரு பக்கத்துக்கு 20 வாட். ஒரு பல்பு ஃபியூஸ் போனால் லோடு பாதியாகும், உடனே ஃபிளாஷர் வேகமாக அடிக்கும். ஓட்டுகிறவர் கவனிக்கட்டும் என்பதற்காகவே அப்படி. எல்.இ.டி. இழுப்பது ஒன்றிரண்டு வாட்தான் என்பதால், பல்பு போய்விட்டது என்று ஃபிளாஷர் நினைத்துக்கொள்கிறது. நிமிஷத்துக்கு 60-லிருந்து 120 தடவைக்குள் மின்ன வேண்டும் என்பது விதி. என் வண்டியில் எண்ணவே முடியவில்லை.

ரெசிஸ்டர் செய்வது, ஃபிளாஷரை ஏமாற்றுவதற்காக, எல்.இ.டி. மிச்சப்படுத்திய கரண்டைச் சூடாக மாற்றி வீணடிப்பது. அதிலும் எனக்கு மாட்டியது காருக்கானது: தங்க நிற அலுமினிய உடம்பு, மேலே 50 வாட், 6 ஓம் என்று அச்சு. 12 வோல்ட்டில் 6 ஓம் என்றால் எரியும்போது 24 வாட். பக்கத்துக்கு இரண்டு, ஆக 48 வாட். என் ஹெட்லைட்டே 35 வாட்தான்! இதை இரும்பில் வைத்து போல்ட் போட்டிருந்தாலாவது சூடு இறங்கியிருக்கும். சீட்டுக்கு அடியில் வயரிங் கிட்டோடு (வண்டியின் மொத்த வயர்க் கட்டு) சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டார்கள்.

அப்போதைக்கு இண்டிகேட்டர் ஒழுங்காகவே மின்னியது. சில வாரம் கழித்து ஒரு நீளமான சிக்னலில் வலது இண்டிகேட்டர் போட்டு நிற்கும்போது கருகிய நாற்றம். சீட்டைத் தூக்கினால் டேப் பாகாக உருகி, பச்சை வயரின் தோல் வழண்டு செம்பு தெரிகிறது. கடையில் காட்டினேன். "வயரிங் கிட்டே ஷார்ட் சார், பழைய வண்டி இல்ல? புதுசு 3,200 ஆகும்." உருகியிருந்தது விரல் நீள வயர். சரி, பழைய இண்டிகேட்டர்களையாவது கொடுங்கள் என்றால், ஸ்கிராப்பில் போய்விட்டதாம்.

எங்கள் ஏரியா எலக்ட்ரீஷியன் அண்ணன் பார்த்த உடனே சிரித்தார். "தம்பி, இதுக்கு ஃபிளாஷரைத்தானே மாத்தணும்?" எல்.இ.டி.க்கென்றே எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வருகிறது, 150 ரூபாய். அது லோடைப் பார்க்காது. வாங்கும்போது வண்டியில் இருப்பது இரண்டு பின்னா மூன்று பின்னா என்று பாருங்கள். மூன்றாவது பின் எர்த். மற்ற இரண்டும் பி (பேட்டரி), எல் (லோடு). பி, எல் இடம் மாறினால் வேலை செய்யாது, வயர் செருகும் கப்ளரில் மாற்றிக் குத்த வேண்டும்.

ரெசிஸ்டரை எடுத்ததும் நாலும் சேர்ந்து மின்னுவது திரும்ப வந்தது. மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே இண்டிகேட்டர் விளக்கு உள்ள வண்டிகளில் இது வரும். அந்தக் குட்டி பல்பு இடது, வலது வயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும், அது வழியாக எதிர்ப்பக்கம் கசியும் கரண்டே எல்.இ.டி.க்குப் போதும். அண்ணன் அந்த இரண்டு வயரிலும் தலா ஒரு 1என்4007 டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் குட்டிப் பாகம்) போட்டு பல்பின் ஒரு முனையில் சேர்த்தார், மறு முனையை எர்த்தில் கொடுத்தார். டயோடு இரண்டும் சேர்ந்து பத்து ரூபாய்கூட இல்லை. மீதி அவர் கூலி, அதில் உருகிய வயரை மாற்றியதும் அடக்கம்.

கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பில் இருக்கா?" என்றார்கள். அவர்கள் கொடுத்தது கடைப் பெயர்கூட இல்லாத வெள்ளைத் துண்டுச் சீட்டு. நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லலாம்தான், ஆனால் கையில் பில் இல்லாமல் பேசுவது கஷ்டம். காசு கொடுக்கும் முன்பே ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கேளுங்கள். கழற்றிய சாமானையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.