ஜாவாவுக்குள் யெஸ்டி ஹப்: 4 வருஷம், 11,000 கிலோமீட்டர்

அப்பச்சி 1969ல் வாங்கிய ஜாவா 250. கிக்கரையே மடக்கி கியராக மிதிக்கும் பழைய வண்டி, 16 அங்குல வீல். கானாடுகாத்தான் வீட்டு இரண்டாம் கட்டில் சாக்குக்கு அடியில் பல வருஷம் கிடந்ததை வெளியே இழுத்து, எஞ்சினை ஓடவைத்து, அப்பாடா என்று உட்கார்ந்தபோதுதான் பின் ஹப்பில், அதாவது ஸ்போக் கம்பிகள் கிளம்பும் சக்கரத்தின் நடு உருளையில், ஸ்போக் துளையை ஒட்டி ஒரு மயிரிழை விரிசல் கண்ணில் பட்டது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறது. வெல்டு வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அது அலுமினிய ஹப், ஸ்போக்கெல்லாம் இழுக்கிற இடம், அதில் வெல்டு வைத்து மேலே உட்கார்ந்து போக எனக்கு மனசு வரவில்லை.

மைசூர் ஐடியல் ஜாவா 1996லேயே உற்பத்தியை நிறுத்தியாச்சு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தேக்குத் தூணும் எனாமல் தூக்குச்சட்டியும் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், ஜாவா ஹப் கிடைக்காது. கடைசியில் மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடையில் யெஸ்டி ரோட்கிங் பின் ஹப் கிடைத்தது, 1,800 ரூபாய்.

யெஸ்டி ஹப் ஜாவாவில் ஏன் சேரும் என்றால், இரண்டும் அதே மைசூர் கம்பெனி வண்டி, ஒரே குடும்பம். ஆக்சிலை உருவினால் வீல் மட்டும் கையோடு வந்துவிடும். ஸ்ப்ராக்கெட்டும் செயினும் கவருக்குள்ளேயே நிற்கும். ஹப்புக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் கப்ளிங் ரப்பர். பஞ்சரானால் கையில் கிரீஸ் படாமல் வீலைக் கழற்றலாம், அந்தக் காலத்திலேயே எவனோ நன்றாக யோசித்திருக்கிறான். என் வண்டியில் யெஸ்டி ஹப் அந்த ரப்பரில் போய் சிக்கென்று உட்கார்ந்தது. அன்றைக்கு எல்லாம் முடிந்தது என்று நினைத்து மெக்கானிக் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். முடியவில்லை.

முதலில் ஒரு சோம்பேறித்தனம் செய்தேன். நண்பனின் ரோட்கிங்கில் இருந்து 18 அங்குல வீலை முழுசாகக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். டயர் இரண்டும் 3.25 அகலம்தான், ஆனாலும் விட்டம் 2 அங்குலம் கூடுவதால் பின்பக்கம் ஒரு அங்குலம் தூக்கிக்கொண்டது. சென்டர் ஸ்டாண்ட் போட்டாலும் டயர் தரையில் உரசுகிறது. வீல் சுற்றளவு கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடிப்போவதால் ஆள் வைத்து ஏறும்போது டாப் கியரில் முக்குகிறது. வேண்டாம் என்று ஹப்பை மட்டும் என் 16 ரிம்மில் கோர்ப்பதென்று முடிவு.

ரிம் ஆரம் ஒரு அங்குலம் குறைவதால் ரோட்கிங் ஸ்போக்ஸ் உதவாது. புதிதாக வெட்டிக் கொடுத்த கடையில் கண்ணளவில் வெட்டிவிட்டார்கள். ஸ்போக் முனை, அதை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள் நட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்று, மூன்றாம் நாள் குன்றக்குடி போகிற வழியில் டியூபைக் குத்திவிட்டது. அதற்குப் பிறகு முப்பத்தாறையும் ஒவ்வொன்றாக ராவி, மேலே ரிம் டேப்பும் சுற்றினோம்.

அப்புறம்தான் நிஜமான தலைவலி. ஆக்சில் நட்டை லேசாக வைத்தால் வீல் பம்பரமாகச் சுற்றுகிறது, முழுசாக முறுக்கினால் கல்லு மாதிரி நின்றுவிடுகிறது. அரை நாள் பிரேக்கைத்தான் சந்தேகப்பட்டோம். பிரேக் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு முறுக்கினோம், அப்போதும் நின்றது. பார்த்தால், இரும்புக் கடை ஹப்பில் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் நிற்கும் உள் ஸ்பேசர் குழாய் இல்லை, நாங்கள் போட்டிருந்தது ஜாவாவுடையது, அது 1 மில்லிமீட்டர் குட்டை. நட்டை முறுக்க முறுக்க, நடுவில் தாங்க ஆள் இல்லாமல் இரண்டு பேரிங்கின் உள்வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று இழுபடுகின்றன. அப்படியே ஓட்டியிருந்தால் தேவகோட்டை தாண்டுவதற்குள் பேரிங் வெந்திருக்கும். லேத்தில் சரியான நீளத்துக்கு ஒரு குழாய் கடைந்து போட்டோம், பிரச்சினை தீர்ந்தது. உங்கள் வண்டியில் இந்த அளவு வேறாக இருக்கலாம், அளந்து பாருங்கள். பேரிங்கையும் "ஜாவா பேரிங் கொடுங்க" என்று கேட்காமல் மேலே பொறித்திருக்கும் எண்ணைப் படித்து வாங்குங்கள். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். 6202 என்றால் 15, 35, 11. பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் கைக்கு வந்ததைத் தருவார்.

பிரேக்கில் நான் செய்தது தப்பு. யெஸ்டி ட்ரம்முக்குள் ஜாவாவின் பழைய பிரேக் பிளேட்டையும் ஷூவையும் வைத்தேன், உள்ளே போனது, பிடிக்கவில்லை. ட்ரம் உள்பக்கம் சாக்பீஸ் தடவி, வீலைச் சுற்றி, ஒருமுறை மிதித்துவிட்டுக் கழற்றிப் பார்த்தால், ஷூ மேல் ஒட்டியிருக்கும் லைனரில் சாக்பீஸ் ஒட்டியது ஒரு முனையில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும். தேய்ந்த ட்ரம்மின் வளைவு வேறு, தேய்ந்த ஷூவின் வளைவு வேறு. ட்ரம்மை லேத்தில் லேசாகக் கடைந்து, புது லைனர் ஒட்டி, அந்த வளைவுக்குத் தேய்த்த பிறகுதான் மிதி கல்லு மாதிரி நின்றது. பழைய லைனரில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும், ட்ரம் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

இதெல்லாம் முடிந்து 4 வருஷம். முதல் 300 கிலோமீட்டரில் ஸ்போக்ஸ் ஒருமுறை தளர்ந்தது, இறுக்கிக் கோட்டம் எடுத்தோம், பிறகு தொடவில்லை. 6,000 தாண்டியதும் கியர் மாற்றும்போதெல்லாம் பின்னால் டக் டக் என்று ஒரு சத்தம், கப்ளிங் ரப்பர் போயிருந்தது. புதிதாக வாங்கிப் போட்டது முதல் மழைக்காலத்திலேயே ரவை மாதிரி உதிர்ந்தது, இரண்டாவது தாங்குகிறது. செயின் கவர் மூடியே இருப்பதால் செயின் நேராக ஓடுகிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறை கவரைத் திறந்து ஸ்ப்ராக்கெட் பல்லின் ஒரு பக்கம் மட்டும் பளபளக்கிறதா என்று பார்க்கிறேன். இதுவரை இல்லை.

புல்லட் ஹப்பை இதில் போடலாமா என்று பள்ளத்தூர் தம்பி ஒருவர் கேட்டார். பழைய புல்லட்டில் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் ட்ரம்மும் ஒரே வார்ப்பு, பல் தேய்ந்தால் ட்ரம்மையே மாற்ற வேண்டும். கட்டுமானமே வேறு. ஸ்விங் ஆர்மை வெட்ட நேரும், அதைச் செய்யாதீர்கள். யெஸ்டி ஹப் வாங்குபவர்களும் வெறும் ஹப்பாக வாங்காமல் பிளேட், ஷூ, ஸ்பேசர், ஆக்சில் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வந்ததாகக் கேட்டு வாங்குங்கள், ஐந்நூறு கூடப் போனாலும் லேத்துக்கு நடக்கிற நடை மிச்சம்.

விரிசல் விட்ட பழைய ஹப் மண்ணெண்ணெயில் கழுவி இரண்டாம் கட்டு மாடத்தில் இருக்கிறது. ஆத்தா அதைப் பழைய பேப்பர்காரரிடம் இரண்டு தடவை போடப் பார்த்தார்கள், இரண்டு தடவையும் திரும்ப வாங்கி வைத்திருக்கிறேன்.