வட்டிக்குச் சேர்ப்பதா, ஜோக்கருக்குக் கொடுப்பதா? பலாட்ரோவின் முதல் மூன்று கட்டங்கள்

பலாட்ரோ போக்கர் கைகளை வைத்துத் தனியே ஆடுகிற சீட்டு விளையாட்டு. சுற்றுக்குக் கேட்கிற புள்ளியை எடுத்தால் விளையாட்டுக் காசு டொலரில் வரும்; சுற்று முடிய வருகிற கடையில் அந்தக் காசுக்கு, உதவி செய்கிற ஜோக்கர் சீட்டுகளை வாங்கலாம். அது 2024 பெப்ரவரியில் வெளிவந்தது. அந்த வருசம் செப்டெம்பரில் போனுக்கும் வந்தது. 9.99 டொலரை ஒருதரம் கட்டி இறக்கினால் பிறகு டேட்டாவும் வேண்டாம், விளம்பரத் தொல்லையும் இல்லை. ஏ9 பஸ்ஸில் போகிற ஆக்களுக்கு ஏற்ற சாமான்: முறிகண்டியில் பஸ் நின்று, சனம் இறங்கி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி ஏறுவதற்குள் முதல் கட்டத்தை முடித்துவிடலாம். முடிக்கிறதா தோற்கிறதா என்பது முதல் கடையில் என்ன செய்தீர்கள் என்பதில் இருக்கிறது. அந்த முதல் கடையைப் பற்றித்தான் எங்கட பக்கத்துப் பொடியளுக்குள் இரண்டு கட்சி.

ஒரு கட்சி சேர்க்கிற கட்சி: கையில் 25 டொலர் வரும்வரை கடையில் ஒன்றையும் தொடாதே என்கிறது. மற்றது வாங்குகிற கட்சி: காசு ஏன் சும்மா கிடக்க வேணும், கண்ணில் பட்ட ஜோக்கரை எடு என்கிறது.

சண்டைக்குள் போக முதல் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஆக லேசான வெள்ளை மட்டத்துக்கு உரியது. தொடங்கும்போது கையில் 4 டொலர். ஒரு கட்டத்தில் பிளைண்ட் என்கிற சுற்று மூன்று: சின்னது, பெரியது, பொஸ். முதல் கட்டத்தில் சின்ன பிளைண்டுக்கு 300 புள்ளி, பெரியதற்கு 450, பொஸ்ஸுக்கு 600 எடுக்க வேண்டும். வென்றால் முறையே 3, 4, 5 டொலர். ஒரு சுற்றில் நான்கு கை, அதாவது நான்கு தரம் சீட்டு இறக்கி, ஆடலாம்; ஆடாமல் மிஞ்சிய ஒவ்வொரு கைக்கும் 1 டொலர். அதோடு கையிருப்பில் ஒவ்வொரு 5 டொலருக்கும் 1 டொலர் வட்டி, கூடிய அளவு 5. அதாவது 25 வைத்திருந்தால் முழு வட்டி. அதற்கு மேல் 100 வைத்திருந்தாலும் அதே 5தான். பரிசுக் காசு சேர முதல் கையில் என்ன இருந்ததோ அதற்குத்தான் வட்டி பார்க்கப்படும்.

வட்டி என்றால் வன்னியில் நாங்கள் கட்டுகிற பக்கத்தில் நின்றே பழகிவிட்டோம். நகை அடகும் நுண்கடனும் கிழமைக் கிழமை வாசலுக்கு வருகிற ஆளும் தெரியாத வீடு குறைவு. ஒருமுறையாவது வட்டி எங்களுக்கு வருகிறது என்றால் ஆசை வரத்தான் செய்யும். 25 என்ற எண் பொடியளை இப்படிப் பிடித்து வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி இரண்டையும் ஒரே கையை வைத்துப் பார்ப்போம். ஒரே சின்னத்தில் ஏஸ், ராஜா, 10, 9, 7 கிடைத்தது என்று வையுங்கள். ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு என்றால் அது ஃப்ளஷ். அதன் அடிப்படை 35 புள்ளி, பெருக்கல் 4. சீட்டுகளின் பெறுமதி 11+10+10+9+7, மொத்தம் 47. இரண்டும் சேர்ந்து 82; 82 தர 4, 328. சின்ன பிளைண்ட் ஒரே கையில் முடிந்தது. மிஞ்சிய மூன்று கைக்கு 3, பரிசு 3, பழைய 4: கடைக்குள் போகும்போது 10 டொலர். இதுவரை இரண்டு கட்சிக்கும் ஒன்றுதான்.

சேர்க்கிறவர் ஒன்றும் வாங்காமல் வெளியே வருகிறார். பெரிய பிளைண்டுக்கு இரண்டு ஃப்ளஷ் தேவை. வட்டி 2, பரிசு 4, மிஞ்சிய இரண்டு கைக்கு 2, கையில் 18. பொஸ்ஸுக்கும் இரண்டு ஃப்ளஷ். வட்டி 3, பரிசு 5, கைக்கு 2. முதல் கட்ட முடிவில் 28.

வாங்குகிறவர் 2 டொலருக்குச் சாதாரண ஜோக்கரை எடுக்கிறார். அது பெருக்கலில் 4 கூட்டும், வேறொன்றும் செய்யாது. அதே ஃப்ளஷ் இப்போது 82 தர 8, 656. பெரிய பிளைண்டும் ஒரே கையில் போகும், பொஸ்ஸும் ஒரே கையில் போகும். மிஞ்சிய 8க்கு வட்டி 1, பரிசு 4, கைக்கு 3; கையில் 16. பிறகு வட்டி 3, பரிசு 5, கைக்கு 3, முடிவில் 27.

வித்தியாசம் ஒரே ஒரு டொலர். அந்த ஒரு டொலருக்குச் சேர்த்தவரிடம் ஜோக்கர் இல்லை, வாங்கினவரிடம் இருக்கிறது. சேர்த்தவருக்கு ஒரு சுற்றில் இரண்டு ஃப்ளஷ் விழும் என்று நான் பெரிய மனதுடன் கொடுத்த கணக்கு இது. நடப்பில் மூன்று டிஸ்கார்டும் (வேண்டாத சீட்டைக் கழித்துப் புதிது எடுக்கிற வாய்ப்பு) முதல் ஃப்ளஷ்ஷைத் தேடுவதிலேயே போய்விடும். இரண்டாவது ஃப்ளஷ் அமையாமல் மூன்றாவது கையும் செலவாகும். அப்படிப் போனால் 26தான், வாங்கினவரை விடக் குறைவு.

25 கட்சி பார்க்கத் தவறுகிற இடம் இது. சேமித்த 5 டொலர் ஒரு சுற்றுக்கு 1 டொலர் தரும். ஒரு சுற்றில் இரண்டு கையை மிச்சப்படுத்துகிற ஜோக்கர் 2 டொலர் தரும். ஆகவே முதல் ஜோக்கர் செலவுக் கணக்கில் வராது; வட்டியை விடக் கூடுதலாக உழைக்கிற காசு அது. முதல் கடையில் இரண்டு ஜோக்கரைக் காட்டி ஒன்றை எடுக்கவிடுகிற 4 டொலர் பஃபூன் பொதி கட்டாயம் இருக்கும். அங்கே வேறு நல்லது இல்லாவிட்டால் அதையே எடுக்கலாம்.

எங்கட அண்ணை சேர்க்கிற கட்சி. காசுச் சீட்டுப் பிடித்தே வீட்டுக்குக் கூரை போட்ட மனிசன், பழக்கதோஷம் விடாது. "தம்பி, காசு கையில இருந்தாத்தான் நல்ல சாமான் வரேக்க வாங்கலாம்" என்பார். "அண்ணை, அந்தச் சாமான் வர முதல் நீங்கள் இரண்டாம் கட்டத்தில செத்துப்போவியள்" என்றேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். நான் சொன்னதற்குக் காரணம் நீடில் என்கிற பொஸ். இரண்டாம் கட்டத்தில் இருந்து அது வரலாம். வந்தால் ஒரே ஒரு கைதான் ஆட விடும், அந்த ஒரு கையில் 800 எடுக்க வேண்டும். வெறும் ஃப்ளஷ் 328. கையில் 28 டொலர் இருந்து என்ன பிரயோசனம்?

அதே இடத்தில் 2 டொலர் ஜோக்கரோடு 3 டொலர் கொடுத்து வியாழன் என்கிற கிரகச் சீட்டையும் எடுத்திருந்தால் ஃப்ளஷ் இரண்டாம் நிலைக்கு வரும்: அடிப்படை 50, பெருக்கல் 6. அந்தப் பழைய கையே 97 தர 10, 970. ஐந்து டொலரில் 328 என்பது 970 ஆகிவிட்டது. வியாழனை மட்டும் வாங்கி ஜோக்கரை விட்டிருந்தால் 582, போதாது. ஆகவே ஜோக்கர் முதலில், கிரகச் சீட்டு பிறகு.

304 சீட்டு விளையாட்டு ஆடிப் பழகின கைகளுக்கு இடையில் ஒரு எச்சரிக்கை. அங்கே ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்பதால் கை தானாக அந்த இரண்டையும் பொத்திப் பிடிக்கும். இங்கே ஜாக், ராணி, ராஜா எல்லாம் பத்துக்குப் பத்துத்தான், ஒன்பதுக்கு ஒன்பதே. ஏஸ் மட்டும் 304 போலவே 11. துரும்பும் கிடையாது. ஜாக்கைக் கழிக்க மனம் வராமல் ஃப்ளஷ்ஷைத் தவற விடுகிற பொடியளைக் கண்டிருக்கிறேன்.

அப்படியானால் சேர்க்கிறதே பிழையா? இல்லை. ஒரே கையில் சுற்று முடியத் தொடங்கிவிட்டால் அடுத்த ஜோக்கர் மிச்சப்படுத்தக் கை ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் அது வெறும் செலவு. 5 டொலருக்கு 1 டொலர் தருகிற வட்டிதான் கெட்டிக்காரன். அங்கே அண்ணை சொல்வது சரி. ஹேர்மிட் சீட்டும் அவர் பக்கம்தான் பேசும்: 3 டொலர் கொடுத்தால் கையில் இருக்கிற காசை இரட்டிக்கும், 20 வரைக்கும். காசில்லாதவனிடம் அது வந்தால் பார்த்துப் பெருமூச்சு விடலாம்.

எவ்வளவு பிடித்து வைப்பது என்பதை அந்தக் கட்டத்தின் பொஸ்தான் தீர்மானிக்க வேண்டும். கட்டம் தொடங்கும்போதே யார் பொஸ் என்று திரையில் தெரிகிறது. இரணைமடுவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தானே சிறுபோகத்துக்கு ஏக்கர் பிரிக்கிறார்கள். அதே புத்தி இங்கேயும் வேண்டும். நீடில் நிற்கிறதா, வட்டியை மறந்து புள்ளிக்கு வாங்குங்கள். ஒரு கையில் இரண்டு சீட்டைப் பறிக்கிற ஹூக் நிற்கிறதா, முதல் கையிலேயே முடிக்கப் பாருங்கள். மூன்றாம் கட்டத்தில் இருந்து வருகிற டூத் ஆடுகிற ஒவ்வொரு சீட்டுக்கும் 1 டொலர் பிடுங்கும். ஒரு ஃப்ளஷ்ஷுக்கு 5 போய்விடும்.

சின்ன பிளைண்டின் புள்ளி கட்டத்துக்குக் கட்டம் 300, 800, 2,000, 5,000, 11,000 என்று ஏறுகிறது. 25ஐச் சேர்த்துவிட்டு அதன் மேல் படுத்துக் கிடப்பவரை நான்காம் கட்டம் எழுப்பிவிடும். என்னுடைய வழக்கம்: மூன்றாம் கட்டத்துக்குள் 25ஐத் தொடுவது, பிறகு 25க்கு மேல் வருவதை மட்டும் செலவழிப்பது, சுற்று ஒரு கையில் முடியாமல் இழுக்கத் தொடங்கினால் 25ஐயும் உடைப்பது.

சின்னத் தந்திரம் ஒன்றும் உண்டு. சுற்று நடக்கும்போதே ஜோக்கரை விற்கலாம், பாதி விலை கிடைக்கும். 23 டொலரில் நிற்கும்போது இனித் தேவைப்படாத 5 டொலர் ஜோக்கரைக் கடைசிக் கைக்கு முதல் விற்றால் 2 வரும். 25 ஆகிவிட்டது, வட்டியில் ஒன்று கூடும்.

சீட்டுக்கட்டுகளில் எது?

புதிதாக ஆடுபவருக்குச் சிவப்புக் கட்டு மட்டும்தான் திறந்திருக்கும். ஒரு டிஸ்கார்ட் கூடுதல், அதனால் ஃப்ளஷ் பிடிப்பது லேசு. நீலம் ஒரு கை கூடுதலாகத் தரும். அதை ஆடாமல் விட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டொலர். இரண்டும் பரவாயில்லை, காசுக் கதைக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சுவாரசியம் மஞ்சளுக்கும் பச்சைக்கும் இடையில். மஞ்சளில் 10 டொலர் கூடுதலாக, அதாவது 14உடன் தொடங்குவீர்கள். நான் மேலே சொன்ன அதே கையோடு முதல் கடைக்கு 22 வரும். 4 டொலர் பொதியை வாங்கினாலும் 18. பெரிய பிளைண்டை ஒரு கையில் முடித்தால் வட்டி 3, பரிசு 4, கைக்கு 3, இரண்டாவது கடையில் 28. ஜோக்கரும் கையில், 25உம் கையில். இரண்டு கட்சிக்காரரும் சண்டை பிடிக்காமல் ஆடக்கூடிய கட்டு இதுதான்.

பச்சையில் வட்டியே இல்லை. பதிலாக மிஞ்சிய கைக்கு 2 டொலர், மிஞ்சிய டிஸ்கார்டுக்கு 1 டொலர். டிஸ்கார்ட் தொடாமல் ஒரு கையில் முடித்தால் 9. நான்கு கை உள்ள மற்றக் கட்டுகளில் 25ஐப் பூட்டி வைத்து, அதே மாதிரி ஒரு கையில் முடித்தால் வட்டியும் கையுமாக 8தான் வரும். பச்சை அந்த 9ஐ முதல் சுற்றில் இருந்தே தருகிறது, ஒரு சதம் சேர்க்காமல். டிஸ்கார்ட் எல்லாம் போனாலும் 6. கையில் காசு நிற்காத ஆக்கள் பச்சையை எடுங்கள். கடைக்குள் போய் உள்ளதை எல்லாம் கொட்டிவிட்டு வரலாம், நட்டம் இல்லை. என்னைக் கேட்டால் முதல் மூன்று கட்டத்துக்குப் பச்சை, எட்டுக் கட்டத்தையும் முடிக்க வேண்டும் என்றால் மஞ்சள்.

காசு தருகிற ஜோக்கர்கள்

கோல்டன் ஜோக்கர் 6 டொலர், சுற்று முடிய 4 தரும். இரண்டு சுற்றில் முதல் திரும்பிவிடும், பிறகு எல்லாம் இலாபம். டு த மூன் 5 டொலர்; ஒவ்வொரு 5க்கும் வட்டியில் இன்னொரு டொலர் கூட்டும். 25 கையில் இருந்தால் 5 தரும், கையில் 4 இருந்தால் ஒன்றுமே தராது. ஆகவே முதல் கடையில் இரண்டும் வந்தால் கோல்டன். 25 வந்த பிறகு என்றால் மூன்.

ரொக்கெட் 6 டொலருக்கு வெறும் 1 டொலரில் தொடங்கும், பொஸ் ஒவ்வொன்றைத் தோற்கடிக்கும்போதும் 2 ஏறும். முதல் கட்டத்தில் வந்தால் எடுக்கலாம், நான்காம் கட்டத்தில் வந்தால் விட்டுவிடலாம். முட்டை 4 டொலர். அதன் விற்பனை விலை சுற்றுக்கு 3 ஏறும், ஆனால் விற்கும்வரை அது காசு இல்லை, வட்டிக்கும் சேராது. டிலேய்ட் கிராட்டிஃபிகேஷன் டிஸ்கார்ட் ஒன்றையும் தொடாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 2 தரும், மூன்றுக்கு 6. ஃப்ளஷ் தேடுகிறவருக்கு அது சரிவராது. சோடி இருந்தால் பெருக்கலில் 8 கூட்டுகிற ஜொலி ஜோக்கரோடு வந்தால் கதை வேறு: இரண்டு ஏஸ் மட்டும் 32 தர 10, 320. டிஸ்கார்டே தேவையில்லை.

கிரெடிட் காட் 1 டொலர், 20 டொலர் வரைக்கும் கடனில் போக விடும். அந்தக் கடனுக்கு வட்டி இல்லை! அப்படி ஒரு கடன் கிளிநொச்சியில் எங்கேயாவது கிடைத்தால் நானே வரிசையில் முதல் ஆள். விளையாட்டில் ஒரு ஜோக்கர் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் எடுப்பதில்லை. இடமே ஐந்துதான், காசு ஜோக்கர் ஒன்றுக்கு மேல் வைத்தால் புள்ளிக்கு இடமிராது.

கடையைத் திரும்பச் சுழற்ற 5 டொலர், அடுத்தடுத்து 6, 7 என்று ஏறும். முதல் கட்டத்தில் சுழற்றவே வேண்டாம். வட்டி எல்லையை 10 ஆக்குகிற சீட் மணி வவுச்சருக்கு 10 டொலர். முழுப் பலனுக்கு 50 பூட்டி வைக்க வேண்டும் என்பதால் அதுவும் பிறகு பார்க்கலாம்.

சின்ன பிளைண்டை ஆடாமல் தாண்டிப் போனால் டேக் என்கிற ஒரு சலுகை தருவார்கள், ஆனால் பரிசும் போகும், கடையும் போகும். கையிருப்பை இரட்டிக்கிற எக்கோனமி டேக் தொடக்கத்தில் 4ஐ 8 ஆக்கும்; ஆடியிருந்தால் 10 வந்திருக்கும், கடையும் கிடைத்திருக்கும். பொஸ் முடிந்ததும் 25 தருகிற இன்வெஸ்ட்மென்ட் டேக் என்றால் யோசிக்கலாம். சிவப்பு மட்டத்துக்கு ஏறினால் சின்ன பிளைண்டுக்குப் பரிசே கிடையாது, முதல் கடைக்கு 10க்குப் பதில் 7தான் வரும். அங்கே அந்த டேக் கண்ணில் பட்டால் நான் தாண்டிவிடுவேன்.