வாரண்ட்டி இருக்கும்போதே காருக்கு நானே சர்வீஸ்: மூன்று வருடம், 62,000 கிலோமீட்டர்

போன மாதத்தோடு என் காரின் வாரண்ட்டி முடிந்தது. மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. எனக்கு வருடம் முந்திக்கொண்டது. வண்டி ஓடியது 62,000. முதல் 1,000 கிலோமீட்டர் பரிசோதனையும் 10,000 சர்வீஸும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் நடந்தன. 20,000 தொடங்கி 60,000 வரை ஐந்து சர்வீஸ் என் கையால் செய்தேன். நடுவில் இரண்டு முறை வாரண்ட்டி கேட்டுப் போனேன். ஒன்று கிடைத்தது, ஒன்று கிடைக்கவில்லை.

ஏன் இந்த வேலை என்று எல்லோரும் கேட்டார்கள். பணம் ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் அது இல்லை. 10,000 சர்வீஸ் பில்லில் கேபின் ஃபில்டர் மாற்றியதாகப் போட்டிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஏசியில் லேசாக ஒரு நாற்றம். டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி ஃபில்டரை உருவினேன். கரிய தூசு, நடுவில் ஒரு காய்ந்த இலை. இரண்டு வாரத்தில் அப்படி ஆக வாய்ப்பே இல்லை. கண்ணுக்கு எதிரே கழற்றக்கூடிய ஃபில்டருக்கே இந்த கதி என்றால், அடியில் இருக்கும், பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டை யார் எப்படி முடுக்கியிருப்பார்கள் என்ற சந்தேகம் வந்தது. அன்று இரவு வாரண்ட்டி கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். வண்டி வாங்கிய பலரும் பிரிக்காமல் வைத்திருக்கும் புத்தகம் அது.

அதில் எங்கேயும் "எங்களிடம்தான் சர்வீஸ் செய்ய வேண்டும்" என்று இல்லை. குறிப்பிட்ட இடைவெளியில், குறிப்பிட்ட தரத்து ஆயில் போட்டு, அட்டவணைப்படி பராமரிக்க வேண்டும். கேட்டால் ஆதாரம் காட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. அதோடு, பராமரிப்புக் குறையாலோ தவறான பொருளாலோ வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி. இந்த இரண்டு வரிக்குள்தான் மொத்த விஷயமும் அடங்கியிருக்கிறது. ஜன்னல் மோட்டார் பழுதானால் ஆயிலை யார் மாற்றினார்கள் என்று கேட்க ஒரு நியாயமும் இல்லை. இன்ஜின் பேரிங் தேய்ந்தால் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1975-ல் வந்த வாரண்ட்டி சட்டம், இலவசமாகக் கொடுத்தால் ஒழிய, எங்கள் பிராண்டு பாகமும் எங்கள் சர்வீஸும்தான் என்று நிபந்தனை போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. ஐரோப்பாவில் 2010-ன் விதிகள், வெளி ஒர்க்‌ஷாப்பில் வழக்கமான சர்வீஸ் செய்வதால் வாரண்ட்டி போய்விடும் என்று கட்டிப்போடுவதை ஏற்பதில்லை. இந்தியாவில் 2014 ஆகஸ்டில், சந்தையில் நியாயமான போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராகக் கொடுத்த உத்தரவும் இதையே தொட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கடைசி இரண்டும் பேசுவது வெளி மெக்கானிக்கைப் பற்றி. அவரிடம் பில் புத்தகம் இருக்கும், ரப்பர் ஸ்டாம்பு இருக்கும். வீட்டு வாசலில் படுத்துக்கொண்டு ஸ்பானர் பிடிக்கும் ஆளிடம் இரண்டும் கிடையாது. அதனால் பில்லையும் ஸ்டாம்பையும் நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

ஆயில் மாற்ற எனக்கு இப்போது ஐம்பது நிமிடம் ஆகிறது. ஆதாரம் சேர்க்க அரை மணி. முதல் தடவை இரண்டாவதை நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். பில்லை மட்டும் கையேட்டுக்குள் செருகி வைத்தேன். எட்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள். கடைகளில் கொடுக்கும் அந்த வழவழப்பான வெப்பத்தாள் பில் வெயிலிலும் சூட்டிலும் வெளுத்துவிடும், அதுவும் கார் டேஷ்போர்டுக்குள் வைத்தால் கேட்கவே வேண்டாம். நல்லவேளையாக போனில் ஒரு படம் எடுத்திருந்தேன். அதன் பிறகு இதற்கென்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். வாங்கும்போதே பில்லில் என் பெயரும் வண்டி எண்ணும் எழுதச் சொல்வேன். வேலை தொடங்கும் முன் ஓடோமீட்டரைப் படம் எடுப்பேன். ஆயில் டப்பாவின் கிரேடும் பேட்ச் எண்ணும் தெரிய ஒரு படம், புது ஃபில்டரின் பாக எண்ணோடு ஒரு படம், இரண்டையும் நம்பர் பிளேட்டுக்கு முன்னால் வைத்து ஒரு படம். முடிந்ததும் ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினேன், எத்தனை லிட்டர், என்ன பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்து. கம்பெனி கையேட்டில் ஸ்டாம்புக்கான கட்டத்தில் "சொந்த சர்வீஸ், நோட்டு பக்கம் 4" என்று எழுதிவிடுவேன். வீட்டில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இடைவெளியைத் தாண்டக் கூடாது என்பதும் இதில் சேர்த்தி. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்றால், 9,500-லேயே செய்துவிடுவது நல்லது. நான் ஒருமுறை வேலைப் பளுவில் 700 கிலோமீட்டர் தாண்டிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த சர்வீஸ் வரை வண்டியில் சின்ன சத்தம் கேட்டாலும் வயிற்றைக் கலக்கியது. அந்த 700-ஐக் காரணம் காட்டிக் கையை விரித்தால் என்னிடம் பதில் இல்லை.

ஆயில் விஷயத்தில் பெயரைவிட கிரேடு முக்கியம். என் வண்டிக்குக் கையேடு சொன்னது 0W-20, ஏபிஐ எஸ்பி தரம். முதலாவது ஆயிலின் கெட்டித்தன்மை, இரண்டாவது அதன் தரக் குறியீடு. கம்பெனி முத்திரை போட்ட டப்பா தேவையில்லை, ஆனால் இந்த எழுத்துகள் டப்பாவில் இருந்தே ஆக வேண்டும். "கொஞ்சம் கெட்டியா போட்டா இன்ஜினுக்கு நல்லது" என்று ஆலோசனை சொல்ல ஆள் வருவார்கள். வாரண்ட்டி முடியும் வரை அந்த ஆலோசனையைக் காதில் வாங்காதீர்கள். ஆயில் சாம்பிள் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் உங்கள் படத்தில் நீங்களே சாட்சி வைத்திருக்கிறீர்கள்.

வேலையில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். 30,000 சர்வீஸில் பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றினேன், புதியதை மாட்டினேன், ரப்பர் வளையம் தொட்டதும் முக்கால் சுற்று, கையாலேயே. எல்லாம் புத்தகப்படி. இன்ஜினை ஸ்டார்ட் செய்து பதினைந்து விநாடி ஆகியிருக்காது, அடியில் ஆயில் ஊற்றாகக் கொட்டியது. உடனே அணைத்தேன். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் மேல் புது வளையம் உட்கார்ந்தால் பிடிப்பே இருக்காது. பார்க்காமல் ஓட்டியிருந்தால் சில நிமிடத்தில் இன்ஜின் போயிருக்கும். அதற்கு எந்த வாரண்ட்டியும் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அன்றிலிருந்து கழற்றிய ஃபில்டரைத் திருப்பி, அதில் வளையம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

டிரெயின் போல்ட்டும் அப்படித்தான். ஆயில் தொட்டி அலுமினியம். பலம் கொண்ட மட்டும் முடுக்கினால் மரை போய்விடும். பிறகு மரை கழன்றது போல்ட்டுக்கா நமக்கா என்று ஊரே கேட்கும். என் வண்டிக்கு முடுக்க வேண்டிய அளவு 35 நியூட்டன் மீட்டர். முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிவிடுங்கள், இது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் புது வாஷர். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது; ஸ்டாண்ட் வைத்து, பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, வண்டியை ஒருமுறை கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் நான் உள்ளே நுழைவேன். பழைய ஆயிலை அதே டப்பாவில் ஊற்றிச் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுவேன். சாக்கடையில் ஊற்றுவதைவிடப் பெரிய பாவம் இல்லை.

ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர், வைப்பர், டயர் இடம் மாற்றுவது, பிரேக் பேட் தடிமன் பார்ப்பது எல்லாம் சுலபம். ஆனால் பிரேக் ஆயில், ஏசி காஸ், கியர்பாக்ஸ் ஆயில், ஏர்பேக் பக்கம் நான் போகவில்லை. என்னால் முடியாது என்பதைவிட, தப்பானால் விளைவு என் தலையில் மட்டும் விழாது என்பதுதான் காரணம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், அதை இரண்டு வருடத்தில் மாற்றச் சொல்லியிருந்தது. அதை சென்டரிலேயே கொடுத்தேன். கூடவே வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டி வெறும் பரிசோதனை. துரு வாரண்ட்டிக்கு அந்த வருடாந்திரப் பார்வை பதிவாக வேண்டும் என்று கையேட்டில் தனியாகப் போட்டிருந்தது. சாஃப்ட்வேர் அப்டேட், ரீகால் (கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்துக் குறையைச் சரிசெய்வது) இருந்தால் அதுவும் அன்றே முடிந்துவிடும். ரீகால் வேலைக்கு நீங்கள் எங்கே சர்வீஸ் செய்தீர்கள் என்பது சம்பந்தமே இல்லாத விஷயம்.

இப்போது அந்தக் கிளெய்ம். 40,000 சர்வீஸுக்கு அடியில் படுத்திருந்தபோது வாட்டர் பம்புக்குக் கீழே இளஞ்சிவப்பாக உப்புப் பொரிந்த மாதிரி ஒரு கோடு. இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் கசிந்து காய்ந்த தடம். தொட்டியில் அளவு குறைந்தது தெரியவில்லை, அவ்வளவு கொஞ்சம். துடைக்காமல் படம் எடுத்து, மறுநாள் சென்டரில் விட்டேன்.

சர்வீஸ் அட்வைசர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "பத்தாயிரத்துக்கு அப்புறம் இங்க ஆயில் சர்வீஸே பண்ணலையே சார். வெளியில சர்வீஸ் பண்ணா வாரண்ட்டி வராதே."

"வெளியிலயும் இல்ல சார், நானேதான் பண்ணேன்" என்றேன். அவர் முகத்தில் வந்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை போடவில்லை. கையேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, "வராதுன்னு எங்க எழுதியிருக்குன்னு மட்டும் காட்டுங்க" என்றேன். பிறகு நோட்டையும் பில் நகல்களையும் எடுத்து வைத்தேன். அவர் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் நோட்டைப் புரட்டினார், ஆயில் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். கறுப்புக் கசடு எதுவும் இல்லை. "கம்பெனிக்கு அனுப்புறேன், நாலு நாள் ஆகும்" என்றார். மறுக்கிறார் என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கத் தயாராகத்தான் போயிருந்தேன், தேவைப்படவில்லை. நாலாம் நாள் அனுமதி வந்தது. பம்ப், கேஸ்கெட், கூலன்ட் எதற்கும் பணம் வாங்கவில்லை.

நோட்டு உதவியது உண்மை. ஆனால் அந்தக் கசிவை அவ்வளவு சீக்கிரம் பார்த்தது, நான் அடியில் அவசரமில்லாமல் படுத்திருந்ததால்தான்.

கிடைக்காத கிளெய்ம் 55,000-ல். அடிப்பக்க பிளாஸ்டிக் தட்டு வேகத்தில் படபடவென்று அடித்தது. கொண்டுபோனேன். லிஃப்டில் ஏற்றிக் காட்டினார்கள்: நான்கு கிளிப் உடைந்திருந்தது, ஒன்றுக்குப் பதில் நான் போட்ட கேபிள் டை தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் அந்தத் தட்டைக் கழற்றியது நான்தானே. வாயைத் திறக்காமல் பணம் கட்டிவிட்டு வந்தேன். அதற்கப்புறம் கிளிப் கழற்றும் கருவி ஒன்றும், ஒரு பாக்கெட் உதிரி கிளிப்பும் பெட்டியில் சேர்ந்தன.

செலவுக் கணக்கு: ஒவ்வொரு சர்வீஸும் சென்டர் பில்லில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக முடிந்தது. டார்க் ரெஞ்ச், ஸ்டாண்ட், ஜாக்கிக்குப் போட்ட காசு மூன்றாவது சர்வீஸில் திரும்பிவிட்டது. கிளிப் செலவைக் கழித்துத்தான் சொல்கிறேன்.

நான் கணக்கில் எடுக்காமல் விட்டது ஒன்று உண்டு. வாரண்ட்டி முடியும் முன் நீட்டிப்பு வாரண்ட்டி வாங்கலாம் என்று போனேன். அது தனி ஒப்பந்தம், தனி விதிகள். எல்லா சர்வீஸும் கம்பெனி சென்டரிலேயே நடந்திருக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருந்தது. கம்பெனி வாரண்ட்டிக்குப் பொருந்திய என் நோட்டு இதற்குப் பொருந்தவில்லை. நீட்டிப்பு எடுக்கும் எண்ணம் இருப்பவர்கள் அந்தத் தாளை வண்டி வாங்கும் நாளிலேயே கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, பிறகு ஸ்பானரைத் தொடுங்கள். எனக்கு அது இல்லாமல் போனதில் வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அதில் கியர்பாக்ஸும் அடக்கம். அடுத்த சர்வீஸ் 70,000-ல், ஆயிலும் ஃபில்டரும் வாங்கி வைத்தாயிற்று. பில்லைப் படம் எடுத்துவிட்டேன், பழக்கம்.