தீபாவளிப் பலகாரம்: நெய்யா, பட்டரா, மார்ஜரினா?

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில் (நம் ஆட்கள் வாயில் இன்றும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்) தீபாவளி நெருங்கினால் மளிகைக் கடையில் நெய் டின், பட்டர், மார்ஜரின் மூன்றும் ஒரே தட்டில் வந்து நிற்கும். விலை குறைவென்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அதே எடைக்கு எடுத்துப் போடுவதில்தான் பாதி பிஸ்கட் கெட்டுப்போகிறது. மூன்றுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் தண்ணீர். சுத்தமான நெய்யில் தண்ணீர் இல்லையென்றே சொல்லலாம். பட்டரில் நூற்றுக்கு 80 பங்கு கொழுப்பு, சுமார் 16 பங்கு தண்ணீர். 250 கிராம் கட்டியில் எட்டுத் தேக்கரண்டித் தண்ணீர் இருக்கிறது. கட்டி மார்ஜரினும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். ஆனால் உருகும் விதம் வேறு.

முதலில் நெய் பிஸ்கட். இதற்கு நெய்யைத் தவிர வேறெதுவும் சரிப்படாது. வாயில் போட்டதும் கரைய வேண்டுமென்றால் மாவில் பசை பிடிக்கக்கூடாது. மாவும் தண்ணீரும் சேர்ந்தால்தான் பசை. நெய்யில் தண்ணீர் இல்லாததால் அந்தப் பேச்சே இல்லை. 180 கிராம் நெய்க்குப் பதிலாக 180 கிராம் பட்டர் போட்டால் சேரும் கொழுப்பு 145 கிராம்தான், கூடவே ஆறு தேக்கரண்டி தண்ணீர். பிசையும்போது மாவு அழகாக உருண்டு வரும். சுட்டு ஆறியதும் கடித்தால் கடக்கென்று உடையும். வீட்டில் பட்டர்தான் இருக்கிறதென்றால் 250 கிராமைச் சிறு தீயில் உருக்கி, சடசடப்பு அடங்கி அடியில் கசடு பொன்னிறமானதும் வடிகட்டுங்கள். ஏறக்குறைய 200 கிராம் நெய் தேறும், வாசனை டின் நெய்யைவிடத் தூக்கலாகவே இருக்கும்.

அளவு: வறுத்த கோதுமை மாவு 300 கிராம், நெய் 180, ஐசிங் சீனி 130, சோடா மாவு கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. மாவு என்றால் வெள்ளை மாவு, அத்தா மாவு வேண்டாம். இரண்டு பாண்டான் இலையை நறுக்கிப் போட்டு, மாவைச் சிறு தீயில் கிளறிக்கொண்டே வறுக்க வேண்டும். இலை விரலால் நசுக்கினால் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிட்டால் மாவின் ஈரமும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வறுத்ததும் மாவின் எடை குறையும், ஆகவே ஆறவைத்துச் சலித்த பிறகே நிறுக்க வேண்டும்.

நெய் டினில் ஒரு சூட்சுமம் உண்டு. நம் ஊர் வெயிலுக்கு கியூபிபி போன்ற டின் நெய் மேலே எண்ணெயாகவும் கீழே மணல்மணலாகவும் பிரிந்து நிற்கும். மேலாக ஊற்றினால் பிஸ்கட் தட்டில் பரந்து ஓடும். அடியிலிருந்து சுரண்டினால் அசையாமல் உருண்டையாகவே நிற்கும். ஒரே டின், ஒரே அளவு, காலையில் செய்தது ஒரு மாதிரி, மாலையில் செய்தது ஒரு மாதிரி என்று ஆவது இதனால்தான். டினை வெந்நீரில் நிறுத்தி முழுக்க உருக்கிக் கலக்கி, வேண்டியதை நிறுத்தெடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து அவ்வப்போது கிண்டினால் பசைபோல் இறுகும். அந்தப் பதத்தில்தான் சீனியோடு சேர்க்க வேண்டும்.

மாவு உதிர்ந்தால் ஒவ்வொரு தேக்கரண்டியாக நெய் விடுங்கள், தண்ணீரோ பாலோ விட்டால் வறுத்த பாடெல்லாம் வீண். 12 கிராம் உருண்டையாக உருட்டி, 160 பாகையில் 18 முதல் 20 நிமிடம். மேலே வெளுப்பாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். சூட்டில் தொட்டால் பொடியும், பத்து நிமிடம் தட்டிலேயே கிடக்கட்டும். சூடான தட்டில் அடுத்த ஈடு அடுக்காதீர்கள், ஓவனுக்குள் போகும் முன்பே அடி உருகிவிடும்.

அன்னாசி டார்ட்டில் கதை தலைகீழ். இங்கே கொஞ்சம் பசை வேண்டும், இல்லாவிட்டால் ஜாமைத் தாங்காமல் ஓரம் உதிரும். ஆகவே பட்டர்தான், அதுவும் ஜில்லென்று. 250 கிராமைத் துண்டுபோட்டு, 350 கிராம் கோதுமை மாவு, 50 கிராம் சோள மாவு, 50 கிராம் ஐசிங் சீனியோடு விரல் நுனியால் உதிர்த்து, இரண்டு மஞ்சள் கருவால் ஒன்றுசேர்த்தால் போதும், அழுத்திப் பிசைய வேண்டாம். உப்புப் போட்ட பட்டர் என்றால் தனியாக உப்பு வேண்டாம். ஒரு வாரத்தில் டார்ட் நமுத்துப்போனால் பட்டரைத் திட்டாதீர்கள், ஜாமில் ஈரம் இருந்திருக்கும். கரண்டியில் அள்ளினால் கட்டியாக நிற்கும்வரை கிண்ட வேண்டும்.

மார்ஜரினைக் கேவலமாகப் பேசுவது பலருக்குப் பழக்கம். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இதே ஊர்ப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. இன்று கடையில் விற்கும் மார்ஜரினில் பெரும்பாலும் அந்தச் செம்பனை எண்ணெய்தான். பகல் சூட்டிலும் சட்டென்று இளகாது என்பதே அதன் பலம். அதே குணத்தால் நாக்கிலும் முழுக்க உருகாமல் மெழுகுபோல் ஒட்டும். அதனால் பிஸ்கட்டுக்கு ஆகாது, கேக்குக்கு ஆகும். பட்டரைச் சீனியோடு அடிக்க 18 முதல் 20 பாகை குளிர்ச்சி வேண்டும். 31 பாகை சமையலறையில் அது வழிந்துபோகும், காற்றும் பிடிக்காது, கேக் அடியில் எண்ணெய்க் கோடு விழும். பாதி பட்டர், பாதி மார்ஜரின் (125க்கு 125) என்று போட்டால் பளிங்கு கேக் நன்றாக எழும்பும், வாசனையும் குறையாது. சீனி, மாவு தலா 250 கிராம், பி கிரேட் முட்டை ஐந்து. முட்டை குளிராக இருந்தால் கலவை திரியும், முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள். முழுக்கப் பட்டர்தான் வேண்டும் என்பவர்கள் விடியற்காலையில் அடிக்கட்டும், பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் நிறுத்திக்கொண்டு.

முறுக்குக்கு எதைப் போட்டாலும் அளவோடு போட்டால் சரி. கொழுப்பு கூடினால் எண்ணெயில் விட்டதும் முறுக்கு பிரிந்து போகும். பட்டர் போட்டால் அதிலுள்ள பால் கசடு சீக்கிரம் சிவக்கும், தீயைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஷார்ட்டனிங் என்ற கட்டித் தாவரக் கொழுப்பு மொறுமொறுப்புத் தரும், மணம் துளியும் தராது. விட்டுவிடலாம்.

வாங்கும்போது டப்பாவின் முன்பக்கப் படத்தை நம்பாதீர்கள். பின்னால் மலாயில் சிறிய எழுத்தில் உள்ள உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். 'லெமாக் சாயூரான்' என்றிருந்தால் அது தாவரக் கொழுப்புக் கலந்தது, மாட்டுப் படம் போட்டிருந்தாலும் சரி. கலப்பு நெய்யின் மணம் டினைத் திறக்கும்போது தூக்கும், ஓவனிலிருந்து வெளியே வரும்போது இருக்காது. கலப்புப் பட்டர் கேக்குக்குப் பரவாயில்லை, டார்ட்டுக்கு வேண்டாம்.

நெய் பிஸ்கட்டும் டார்ட்டும் ஒரே டப்பாவில் போகக்கூடாது. ஜாமின் ஈரத்தை நெய் பிஸ்கட் இழுத்துக்கொள்ளும். முதலில் நெய் பிஸ்கட்டைச் செய்து காற்றுப் புகாமல் மூடிவிட்டு, டார்ட்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுங்கள். கேக் முந்தின நாள் போதும்.