மலைக்கு எந்த பேட்டரி: யூ.பி.எஸ். பேட்டரியா, லித்தியமா?

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, மரத்துக்கு மரம் டைபோல் ஆன்டெனா கம்பியைக் கட்டி, ஹாம் ரேடியோவின் 40 மீட்டர் அலைவரிசையில் கூப்பிட்டதும் வந்த முதல் பதில் இது: "ஓ.எம். (ஹாம் பாஷையில் நண்பரே), நீங்க சொல்றது ஒண்ணும் புரியல. ஆடியோ கிழியுது." மைக்கில் குரலை உயர்த்தும்போதெல்லாம் ரிக்கின், அதாவது ரேடியோ பெட்டியின், திரை மங்கியது. பட்டனை விட்டால் பழையபடி பளிச்.

காலடியில் இருந்தது ஒரு 12 வோல்ட், 7 ஏ.எச். (ஆம்ப்-மணி) யூ.பி.எஸ். பேட்டரி, ஈய ரகம். முந்தின இரவு முழுக்க சார்ஜ் போட்டது. மல்டிமீட்டரை வைத்தால் 12.7 வோல்ட், குறையே இல்லை. பேசிக்கொண்டே பார்த்தால் 10.9.

அன்றிலிருந்து பேட்டரியின் மேல் அச்சடித்த ஏ.எச். எண்ணை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். முதலில் பார்ப்பது, பட்டனை அழுத்தியபின் எத்தனை வோல்ட் நிற்கிறது என்பதை. ஐகாம் ஐ.சி.-7300, யேசு (Yaesu) எஃப்.டி.-891 போன்ற 100 வாட் ரிக்குகள் கேட்பது 13.8 வோல்ட், அதற்கு மேலும் கீழும் 15 சதவீதம் பொறுத்துக்கொள்ளும். அதாவது 11.7-க்குக் கீழே போனால் ரிக் என்ன செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முழு பவரில் இவை 20 ஆம்புக்கு மேல் இழுக்கும்.

ஈய பேட்டரியின் சங்கடம் இங்கேதான். 7 ஏ.எச். என்று போட்டிருப்பது 20 மணி நேரக் கணக்கு. 0.35 ஆம்ப் வீதம் மெதுவாக எடுத்தால்தான் அந்த ஏழும் கிடைக்கும். 7 ஆம்ப் எடுத்தால் ஒரு மணி நேரம் வராது, அரை மணி வந்தாலே பெரிது. அதையும் கடைசிவரை உறிஞ்சினால் ஆயுள் போய்விடும். பாதியோடு நிறுத்துவது நல்லது. இரண்டு கிலோவுக்கு மேல் சுமந்து போய், அதில் பாதியைத் தொடாமல் திரும்பக் கொண்டுவருகிறோம்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட், கடைக்காரர் பாஷையில் எல்.எஃப்.பி., இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. 3.2 வோல்ட் செல் நான்கைத் தொடராகப் போட்டால் 12.8. முழு சார்ஜில் 13.3 போல நிற்கும். முக்கால்வாசி தீரும்வரை பெரிதாக இறங்காது. 32700 ரக செல் ஒன்று 6 ஏ.எச்., சுமார் 145 கிராம். நான்கும் சேர்ந்து அறுநூறு கிராமுக்குள்தான். ஈயத்தின் எடையில் கால்வாசி, உருப்படியாகக் கிடைக்கும் ஆற்றல் அதைவிட அதிகம். விலை கூடுதல்தான். ஆனால் ஆயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் தாங்கும்.

வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. சோலார் தெருவிளக்குக்கென்று விற்கும் எல்.எஃப்.பி. பேக்குகள் சுலபமாகக் கிடைக்கும், விலையும் மலிவு. செல்லும் நல்ல செல்லாகவே இருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு, அந்த பி.எம்.எஸ்., தெருவிளக்குக்குப் போதும் என்று பத்து, பதினைந்து ஆம்புக்குப் போட்டதாக இருக்கும். 100 வாட்டில் குரல் ஏறியதும் கட் செய்துவிடும். போர்டு 30 ஆம்ப் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். அந்த ஓட்டத்தைக் கொடுக்கும் அளவுக்கு ஏ.எச்.-சும் வேண்டும், 100 வாட்டுக்கு 12 ஏ.எச்.-க்குக் கீழே நான் போக மாட்டேன்.

இன்னொரு குறையும் உண்டு. ஈயம் சாகும்போது முனகும், எல்.எஃப்.பி. முனகாது. வோல்டேஜ் கிட்டத்தட்ட கடைசிவரை அப்படியே நிற்பதால் மீட்டரைப் பார்த்து மிச்சத்தை ஊகிக்க முடியாது. பாதி வாக்கியத்தில் ரிக் அணைந்துபோய், எதிர்ப்பக்கத்து நண்பர் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. சார்ஜரிலும் கவனம் வேண்டும்: பழைய பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் பல்ஸ் முறை உள்ள ஈய சார்ஜரை இதில் மாட்டக் கூடாது.

லேப்டாப் பேட்டரியைப் பிரித்த 18650 செல்கள் கையில் இருக்கிறதே என்பார்கள். 100 வாட் ரிக்குக்கு அது இரண்டுங்கெட்டான். மூன்று செல் போட்டால் 12.6-ல் ஆரம்பித்து சீக்கிரமே 11-க்கு இறங்கும். நான்கு போட்டால் முழு சார்ஜில் 16.8, ரிக்கின் மேல் எல்லையான 15.87-ஐத் தாண்டிவிடும். ஆனால் 8 வோல்ட் முதல் 16 வரை ஏற்கும் எஃப்.டி.-818 போன்ற சின்ன ரிக்குக்கு மூன்று செல்லே தாராளம். ஐந்து வாட்டில் பேசுபவர் இந்தச் சண்டைக்கே வர வேண்டாம். பவர் பேங்க்? அதிலுள்ள கன்வெர்ட்டர் எழுப்பும் இரைச்சல் எச்.எஃப். என்னும் சிற்றலையில் தெரியும். எனக்குச் சரிப்படவில்லை.

எத்தனை ஏ.எச். வேண்டும்? மணி நேரத்தில் 15 நிமிடம் பேசி, 45 நிமிடம் கேட்பதாக வையுங்கள். கேட்க 1 ஆம்ப் என்றால் 0.75. எஸ்.எஸ்.பி. என்னும் குரல் முறையில் பேசினால் சராசரி 6 ஆம்ப் என்றால் 1.5. மணிக்கு 2.25 ஏ.எச். கம்ப்யூட்டர் வழியாகச் செய்தி அனுப்பும் எஃப்.டி.8 முறை போட்டால் கணக்கே மாறும். ஒவ்வொரு முறையும் 12.64 விநாடி விடாமல் முழு பவர். பவரை 50 வாட்டாகக் குறைத்தால் எதிரே இருப்பவரின் எஸ்-மீட்டரில், அதாவது சிக்னல் வலுவைக் காட்டும் மீட்டரில், அரைப் புள்ளிதான் இறங்கும்.

பேட்டரியைத் திட்டுமுன் ஒயரையும் பாருங்கள். வீட்டு வயரிங்கின் 2.5 சதுர மி.மீ. கம்பியில் இரண்டு மீட்டர் இழுத்தால், போக வர 20 ஆம்பில் 0.6 வோல்ட் அங்கேயே போய்விடும்.

அப்போ ஈயம் வேண்டவே வேண்டாமா? அப்படி இல்லை. 2018-இல் கஜா புயலுக்குப் பிறகு டெல்டா ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் ஸ்டேஷன் போட, வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். டியூப்ளர் பேட்டரியை மிஞ்ச ஆளில்லை. 20 ஆம்ப் அதற்குக் கொசுக்கடி. கார், டிராக்டர் எதிலிருந்தும் சார்ஜ் ஏற்றலாம். தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது, அவ்வளவுதான்.

ஏலகிரியில் காலை வாரிய அந்த 7 ஏ.எச். இப்போது வீட்டில் வைஃபை ரவுட்டருக்கு ஓடுகிறது. ரவுட்டர் எடுப்பது அரை ஆம்புகூட இல்லை. கரண்ட் போனால் சாயங்காலம் முழுக்கத் தாங்குகிறது.