குழந்தைகளின் மூளை எம்ஆர்ஐயில் ஏஐ: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு, ஏஐயால் உருப்படியான பலன் எது என்று கேட்டால் ஸ்கேன் நேரம் குறைவதைத்தான் முதலில் சொல்வோம். நோயைக் கண்டறிவதெல்லாம் அதற்கு அடுத்துதான்.

ஜிஇயின் ஏர் ரீகான் டிஎல், சீமென்ஸின் டீப் ரிசால்வ், பிலிப்ஸின் ஸ்மார்ட்ஸ்பீடு என்ற மூன்று ஏஐ மென்பொருள்களும் குறைந்த தரவிலிருந்து தெளிவான படத்தை உருவாக்குகின்றன. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுத்து, துணியில் சுற்றி, காதுக்குப் பாதுகாப்பு வைத்துத் தூக்கத்திலேயே எடுத்துவிடலாம். ஆனால் அரைமணி நேரம் கிடைத்தாலே அதிகம். அதனால் டிஃப்யூஷன், டி2, டி1 என்ற எம்ஆர்ஐ பட வகைகளை இதே வரிசையில் எடுங்கள்; பாதியில் விழித்துக்கொண்டாலும் முக்கியமானவை கையில் இருக்கும். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு, ஒவ்வொரு சீக்வென்ஸிலும் (ஒரு பட வகையை எடுக்கும் சுற்று) மிச்சமாகும் ஓரிரு நிமிடம் சேர்ந்தால் மயக்க மருந்தையே தவிர்க்க முடிகிறது. 3 வயதுக்குட்பட்டோருக்கு 3 மணி நேரத்தைத் தாண்டியோ திரும்பத் திரும்பவோ தரும் மயக்க மருந்து குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016இல் எச்சரித்தது நினைவிருக்கட்டும்.

இரைச்சல் நீக்கும் அளவை உச்சத்தில் வைக்காதீர்கள். படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் மூளையின் வெளி அடுக்கான புறணியின் நுண்ணிய மடிப்புகள் மழுங்கிவிடும். குழந்தை அசைந்ததையும் இது சரிசெய்யாது. அசைவின் நிழல்கள்கூடக் கூர்மையாகி, நிஜம்போலத் தெரியும். சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க, ஏஐ சேராத படத்தையும் சேமித்து வையுங்கள்.

மூளைப் பகுதிகளைப் பிரித்து அளக்கும் மென்பொருள்களில்தான் அதிகம் அடி விழுகிறது. பிறந்த குழந்தையின் டி1 படத்தில் வெண்பொருள் (நரம்பிழைகள் நிறைந்த பகுதி), சாம்பல் பொருளைவிட (நரம்பு செல்கள் நிறைந்த பகுதி) கருமையாக இருக்கும். பெரியவர்களுக்கு இது நேர்மாறு. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறை வளர வளர நிறம் மாறிக்கொண்டே வந்து, 6 முதல் 9 மாதத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகிவிடும். பெரியவர்களுக்கான ஃப்ரீசர்ஃபர் என்ற அளவீட்டு மென்பொருள் அந்த வயதில் எல்லைக் கோட்டை எங்கேயோ போடும். 2 வயது வரை அதன் குழந்தைப் பதிப்பான இன்ஃபன்ட் ஃப்ரீசர்ஃபர்தான் சரி. செயற்கைப் படங்களில் பயிற்சி பெற்ற சின்த்செக் என்ற மென்பொருள் படத்தின் நிறவேறுபாட்டைப் பெரிதாகப் பொருட்படுத்தாது என்றாலும், 6 மாதக் குழந்தையில் அதன் முடிவையும் கண்ணால் பார்க்காமல் ஏற்கக்கூடாது. மென்பொருள் பிரித்த பகுதிகளைக் காட்டும் வண்ணப் பூச்சை மூன்று திசைகளிலும் நகர்த்திப் பாருங்கள். மூளையின் பக்கவாட்டிலுள்ள பொட்டு மடலின் முனையும் சிறுமூளைக்கு மேலுள்ள சவ்வும்தான் அடிக்கடி தவறும் இடங்கள்.

குறைமாதக் குழந்தைக்குத் திருத்திய வயதையே (40 வாரத்துக்கு எவ்வளவு முன்னே பிறந்ததோ அதைக் கழித்த வயது) மென்பொருளுக்குக் கொடுங்கள். 28 வாரத்தில் பிறந்து இப்போது 6 மாதம் என்றால், 12 வாரம் கழித்துச் சுமார் 3 மாதம். இதை மறந்தால் ஒழுங்காக வளரும் மூளையைக்கூட, வளர்ச்சி பின்தங்கியது என்று அறிக்கை சொல்லும். வேதனையான தவறு இது. ஒரு குடும்பமே காரணமில்லாமல் கலங்கும்.

அசைவு இன்னொரு வகையிலும் ஏமாற்றும். லேசாக அசைந்தாலே புறணித் தடிமன் குறைவாகப் பதிவாகும். துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைகள் கூடுதலாக அசைவதால், அசைவின் பிழை நோயின் அடையாளமாகிவிடுகிறது. படத்தின் தரத்தைப் பார்க்காமல் தடிமன் எண்ணைப் படிக்கவே படிக்காதீர்கள்.

வலிப்புக்குக் காரணமான புறணிக் கோளாறுகளைத் தேடும் மெல்ட் கிராஃப் என்ற ஏஐ மென்பொருள் நிஜமாகவே உதவுகிறது. ஆனால் 1 மி.மீ. முப்பரிமாண டி1 கட்டாயம் வேண்டும், ஃபிளேர் என்ற பட வகையும் இருந்தால் நல்லது. அது காட்டும் இடத்தை மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜியோடு பொருத்திப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். பெரியவர்களின் கட்டிகளில் பழகிய மாடல்களைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தவே வேண்டாம்: மூளைத்தண்டுக் கட்டிகள் பல கான்ட்ராஸ்ட் மருந்தில் (படத்தில் கட்டியை எடுத்துக்காட்ட ஊசியில் ஏற்றுவது) ஒளிராததால் அளவு குறைந்து வரும். பற்களில் கம்பி போட்ட பிள்ளைகளுக்கு நெற்றி மடல் சிதைந்தாலும் மென்பொருள் எச்சரிக்காமல் ஓர் எண்ணைத் தந்துவிடும்.

மூளையில் தேங்கும் நீரை வடிக்க ஷன்ட் குழாய் வைத்த குழந்தையின் வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் நீர் நிற்கும் அறை) அளவைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் அறிக்கையில் எழுதுங்கள். பதிப்பு மாறினாலே கன அளவு மாறும். புதுப்பித்தபின் பழைய ஸ்கேன்களையும் அதே பதிப்பில் மீண்டும் ஓட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.