சிகாகோவில் வீடு வாங்குமுன் பின்சுவரைப் பாருங்கள்

வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீட்டுக்குப் போவது என்று முடிவானதும் நானும் என் மனைவியும் ஒரு குளிர்காலம் முழுக்கச் சிகாகோவின் நான்கு பகுதிகளைச் சுற்றினோம். வடகோடியில் ஏரிக்கரையை ஒட்டிய ரோஜர்ஸ் பார்க், வடமேற்கில் லோகன் ஸ்கொயர், இரண்டுக்கும் நடுவே லிங்கன் ஸ்கொயர், தெற்கே பல்கலைக்கழகம் இருக்கும் ஹைட் பார்க். ரோஜர்ஸ் பார்க்கில் வாங்கினோம். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இன்று மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதையேதான் தேர்வேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது ரயிலைத்தான். நகரின் உயர்மட்ட ரயிலில் ரோஜர்ஸ் பார்க்குக்குச் சிவப்புத் தடம், லோகன் ஸ்கொயருக்கு நீலத் தடம். இரண்டும் இரவு முழுக்க ஓடுகின்றன. நீலத் தடம் நேராக ஓஹேர் விமான நிலையத்துக்கே போகும். லிங்கன் ஸ்கொயரின் பழுப்புத் தடம் நள்ளிரவுக்குப் பின் ஓய்ந்துவிடும். ஹைட் பார்க்குக்குள் இந்த உயர்மட்ட ரயில் வருவதில்லை. மெட்ரா என்னும் புறநகர் மின்ரயிலும் பஸ்ஸும் உண்டு. உணவகங்கள், பூங்காக்கள், நூலகம் ஆகியவற்றில் நான்குமே குறைவில்லாதவை. பல மாதம் யோசிக்க வேண்டிய விஷயங்கள் அல்ல இவை.

யோசிக்க வேண்டியது சுவர்.

1871ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பிறகு மர வீடுகள் கட்டுவதை நகரம் கட்டுப்படுத்தியது. அதனால் இந்த நகரின் பழைய வீடுகளில் பல செங்கல் வீடுகள். தெருவைப் பார்த்த முகப்பில் வழவழப்பான நல்ல செங்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ இருக்கும். பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் உள்ளூர்க் களிமண்ணில் சுட்ட மலிவான செங்கல். அது தண்ணீரை உறிஞ்சும். சிகாகோவின் குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இடுக்கில் புகுந்த நீர் உறையும்போது விரிகிறது, உருகும்போது வழிவிடுகிறது, மறுபடி உறைகிறது. செங்கற்களுக்கு இடையே உள்ள சுண்ணாம்புக் காரை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. அதைச் சுரண்டி எடுத்துப் புதுக்காரை பூசுவதை இங்கே டக்பாயின்டிங் என்கிறார்கள். ஜன்னலுக்கு மேலே சுமை தாங்கும் லிண்டல் இரும்பால் ஆனது. அது துருப்பிடித்தால் உப்பி, மேலே உள்ள செங்கல் வரிசையைத் தூக்கிவிடும். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல விரிசல் ஏறும். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவருக்கு இருபக்கமும் வெயிலும் பனியும் என்பதால் முதலில் கெடுவது பெரும்பாலும் அதுதான்.

இதில் இன்னொரு கேடும் உண்டு. பழைய காரை மென்மையானது, சுவர் அசைந்தால் தானும் இசைந்து கொடுக்கும். அவசரக்காரர்கள் அதன் மேல் சிமென்டை அப்பிவிடுகிறார்கள். செங்கல்லைவிடக் கெட்டியான பூச்சு ஈரத்தை வெளியேற விடாது. சில ஆண்டுகளில் செங்கல்லின் முகமே ஏடு ஏடாகப் பெயர்ந்துவிடும். பளிச்சென்று புதிதாகப் பூசிய சுவரைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். எதைக் கொண்டு பூசினார்கள் என்று கேளுங்கள்.

ஆக, எந்தப் பகுதியில் வாங்கினாலும் ஒரு நாள் சுவர்ச் செலவு வரும். அதை யாரோடு பங்கிட்டுக்கொள்ளப் போகிறோம் என்பதில்தான் நான்கு பகுதிகளும் பிரிகின்றன. ஒவ்வொன்றிலும் அதிகம் கிடைக்கும் கட்டட வகை வேறு.

லோகன் ஸ்கொயரில் நாங்கள் மயங்கியது கிரேஸ்டோன் எனப்படும் சாம்பல் நிறக் கல்முகப்பு வீடுகளைப் பார்த்து. மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். ஒரு தளத்தை வாடகைக்கு விட்டால் கடன் தவணைக்கு உதவும். ஆனால் சுவர், கூரை, கழிவுநீர்க் குழாய் அத்தனையும் உங்கள் ஒருவர் தலையில். வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் மொத்தக் கட்டடத்துக்கும் ஒன்றே என்றால், செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை வாடகைதாரரின் வீட்டைப் பகலில் 20 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டியது சட்டப்படி உங்கள் கடமை. கையில் வேலை தெரிந்தவருக்கும் சேமிப்பு உள்ளவருக்கும் அது அருமையான வீடு. எங்களிடம் இரண்டும் போதாது.

லிங்கன் ஸ்கொயரில் மூன்று தளம், மூன்று உரிமையாளர்கள் கொண்ட ஒரு வீடு மனதுக்குப் பிடித்திருந்தது. வடக்குச் சுவரின் காரையை என் மனைவி சாவியால் தொட்டாள், மணலாகக் கொட்டியது. பொதுக்கணக்கில் இருந்த தொகை ஒரு லிண்டலுக்குக்கூடக் காணாது. மூவரில் ஒருவர் “இப்போது முடியாது” என்றால் சுவர் இன்னும் ஒரு குளிர்காலம் காத்திருக்கும். வந்துவிட்டோம்.

ஹைட் பார்க்கைப் பற்றி அடக்கத்தோடுதான் பேச வேண்டும். அங்கே நாங்கள் ஒரு வாரம் நண்பர் வீட்டில் தங்கியதோடு சரி. உயர்ந்த கட்டடங்கள் அங்கே நிறைய. 80 அடியும் அதற்கு மேலும் உயரமுள்ள கட்டடங்களின் வெளிச்சுவரைக் குறித்த கால இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும் என்று நகரச் சட்டம் இருப்பதால், பழுது கண்ணில் படாமல் போகாது. பில் வருவதும் தவறாது. கூட்டுறவுக் கட்டடங்களும் உண்டு. அவற்றில் நீங்கள் வாங்குவது வீட்டை அல்ல, கட்டடத்துக்குச் சொந்தமான அமைப்பின் பங்குகளை. நிர்வாகக் குழு சம்மதிக்க வேண்டும். கடன் கொடுக்கும் வங்கிகளும் குறைவு. அங்கேயே இருபது ஆண்டு வாழப்போகிறவர்களுக்கு இவை பொருட்டாகத் தோன்றாது. எங்களுக்கு அந்த உறுதி இல்லை.

ரோஜர்ஸ் பார்க்கின் அடையாளம் முற்றக் கட்டடம். நடுவில் புல்வெளி, அதைச் சுற்றி ப வடிவில் மூன்று தளம், பெரும்பாலும் 1920களில் கட்டியது. எங்களுடையதில் 24 வீடுகள். இரண்டாம் ஆண்டிலேயே மேற்குப் பக்க லிண்டல்களை மாற்ற வேண்டியிருந்தது. பராமரிப்புக்காக உரிமையாளர் சங்கத்துக்குக் கட்டும் மாதக் கட்டணத்துக்கு மேல் தனியாக வசூலித்தார்கள். செலவு 24ஆகப் பிரிந்ததால் ஒரு விடுமுறைப் பயணத்தை நிறுத்தியே எங்கள் பங்கைச் சமாளித்தோம். அதே வேலையை லோகன் ஸ்கொயரில் தனியாகச் செய்திருந்தால் இரண்டாவது கடன் வாங்கியிருப்போம். 24 பேர் என்பதில் இன்னொரு வசதி: யாராவது ஒருவர் கணக்கில் கெட்டிக்காரராக இருப்பார். எங்கள் பொருளாளர் எழுபது வயதைத் தாண்டிய அம்மையார். கூரை எப்போது போட்டது, கொதிகலன் எப்போது மாற்றியது என்று ஆண்டுவாரியாக எழுதி வைத்திருக்கிறார்.

குறைகள் உண்டு. நீராவிக் கொதிகலன் எல்லா வீட்டுக்கும் ஒன்றே என்பதால் ஜனவரியில் மூன்றாம் தளத்துக்காரர் ஜன்னலைத் திறந்து வைக்கிறார், முதல் தளத்தில் நாங்கள் கம்பளி போர்த்துகிறோம். நகர மையத்துக்கு ரயிலில் முக்கால் மணி ஆகிவிடுகிறது. 2020 ஜனவரிப் புயலில் ஏரி பொங்கி வடக்குப் பகுதியின் மணற்கரைகளை அரித்தது. ஏரியை ஒட்டிய கட்டடம் என்றால் கரை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆனாலும் தெற்கே ஏரிக்கும் வீடுகளுக்கும் குறுக்கே ஓடும் நெடுஞ்சாலை ஹாலிவுட் அவென்யூவிலேயே முடிந்துவிடுவதால், எங்கள் தெரு நேராக மணலில் போய் முடிகிறது. மேற்கே டெவன் அவென்யூவில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கின்றன.

பார்க்கப் போகிறவர்கள் முகப்பில் நிற்க வேண்டாம். சந்து வழியாகப் பின்பக்கம் போய் மர மாடிப்படிகளையும் சுவரையும் பாருங்கள். பிறகு, காண்டோமினியம் எனப்படும், வீடுகள் தனித்தனியாகவும் சுவரும் கூரையும் பொதுவாகவும் சொந்தமாக இருக்கும் கட்டடம் என்றால், இல்லினாய் மாநிலக் காண்டோமினியச் சட்டத்தின் 22.1ஆம் பிரிவின்படி உள்ள ஆவணங்களைக் கேளுங்கள்: சேமிப்பு நிதி எவ்வளவு, அடுத்த இரண்டு ஆண்டுகளில் என்ன பெரிய செலவு வருகிறது, வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா. எங்களுக்கு வீட்டை விற்றவர் அந்தத் தாள்களைக் கேட்ட மறுநாளே கொடுத்தார். மேற்குப் பக்க லிண்டல் செலவு அதில் எழுதியிருந்தது.